கொக்கி போனது, பெட்டி வந்தது!

அமெரிக்காவில், நியூயார்க் நகருக்குப் பக்கத்தில், நெவார்க் என்று ஒரு துறைமுகம் இருக்கிறது.

1956-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந்தேதி. அந்தத் துறைமுகத்தில் ஒரு பழைய கப்பல் நின்றுகொண்டிருந்தது. அதன் பெயர் "ஐடியல் எக்ஸ்". இரண்டாவது உலகப்போர் காலத்தில் எண்ணெய் ஏற்றுவதற்காகக் கட்டிய கப்பல்.

அன்று அந்தக் கிழட்டுக் கப்பலைப் பார்க்க சுமார் 100 விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு மதியச் சாப்பாடு பரிமாறப்பட்டது. சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

என்ன வேடிக்கை?

கரையில் லாரிகள் வந்து நின்றன. லாரியின் பின்னால் இருந்த பெரிய பெட்டி மட்டும் தனியாகக் கழன்றது. கிரேன் அதை அப்படியே அலாக்காகத் தூக்கியது. கப்பலின் மேல்தளத்தில் கொண்டுபோய் வைத்தது. லாரியின் சக்கரமும் என்ஜினும் கரையிலேயே நின்றுவிட்டன!

7 நிமிடத்துக்கு ஒரு பெட்டி. மொத்தம் 58 பெட்டிகள். 8 மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. 5 நாள் கழித்து, டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டன் துறைமுகத்துக்குக் கப்பல் போய்ச் சேர்ந்தது. அங்கே 58 லாரிகள் தயாராக நின்றன. பெட்டிகளை வாங்கி முதுகில் வைத்துக்கொண்டு புறப்பட்டுப் போய்விட்டன.

நெவார்க்கில் கூடியிருந்தவர்களில் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் பெரிய பொறுப்பில் இருந்த ஒருவரும் இருந்தார். "இந்தப் புதுமாதிரிக் கப்பல் எப்படி இருக்கிறது?" என்று அவரிடம் கேட்டார்கள்.

அதைக் கடலில் மூழ்கடித்தால்தான் தனக்குத் திருப்தி என்று, ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்து, அவர் சொன்னாராம்.

விருந்தாளிகள் சிரித்திருக்கலாம். ஆனால் வரப்போவது என்ன என்பதை அந்தக் கூட்டத்தில் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதுகில் ஏறிய உலகம்

அதற்கு முன்பு கப்பலில் சரக்கு ஏற்றியது எப்படி?

மனிதனின் முதுகுதான்! அவன் கையில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கும். மூட்டையில் அதை மாட்டி இழுப்பான். அரிசி மூட்டை, காப்பிக் கொட்டை மூட்டை, தேயிலைப் பெட்டி, பஞ்சுப் பொதி, எண்ணெய்ப் பீப்பாய், தோல் கட்டு எல்லாம் ஒரே கப்பலில் போகும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, நகர்த்தி, இடம் பார்த்து அடுக்க வேண்டும். கப்பல் ஆடும்போது சரியாமல் இருக்க, இடையிடையே பலகை வைத்து, கயிறு போட்டுக் கட்ட வேண்டும்.

அடுக்கத் தெரியாதவன் அடுக்கினால் நடுக்கடலில் கப்பலே சாய்ந்துவிடும். ஆகவே, அது வெறும் முரட்டு வேலை அல்ல. கைப்பழக்கம் வேண்டிய தொழில்.

வேலை நிரந்தரம் கிடையாது. நியூயார்க்கில் காலையில் தொழிலாளிகள் துறைமுக வாசலில் வந்து அரைவட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி வருவான். "நீ வா, நீ வா" என்று விரலை நீட்டுவான். விரல் யார் பக்கம் நீண்டதோ அவனுக்கு அன்று கூலி உண்டு. மற்றவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேஸ்திரியின் விரலைத் தன் பக்கம் திருப்புவதற்காகக் கூலியில் ஒரு பங்கை அவனுக்கே கொடுத்தவர்களும் உண்டு. மார்லன் பிராண்டோ நடித்து 1954-ம் ஆண்டு வெளியான "ஆன் தி வாட்டர்பிரண்ட்" என்ற படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது.

கால் நசுங்கும். விரல் போகும். மேலே இருந்து மூட்டை விழும். சங்கடம் அதோடு நிற்கவில்லை. சரக்கு திருட்டும் போகும். விஸ்கிப் பெட்டி ஏற்றினால் போய்ச் சேரும்போது சில பாட்டில்கள் குறையும். வியாபாரிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஒரு கப்பலின் கணக்கு

1954-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு அணு அணுவாக ஆராய்ந்தார்கள். அதன் பெயர் "வாரியர்". நியூயார்க்கின் புரூக்ளின் துறைமுகத்தில் இருந்து ஜெர்மனிக்குப் போன கப்பல்.

அதில் ஏற்றிய உருப்படிகளை ஒன்று விடாமல் எண்ணினார்கள். எத்தனை தெரியுமா? 1 லட்சத்து 94 ஆயிரத்து 582! பெட்டி, மூட்டை, டப்பா, பீப்பாய் எல்லாம் சேர்த்து. 53 வண்டிகளும் அதில் அடக்கம். இவை 151 ஊர்களில் இருந்து வந்து சேர்ந்தவை.

ஏற்றுவதற்கு 6 நாள். கடலில் பத்தரை நாள். ஜெர்மனியில் இரவு பகலாக இறக்குவதற்கு 4 நாள். முதல் சரக்கு தன் ஊரில் இருந்து கிளம்பிய நாள் முதல், கடைசிச் சரக்கு உரியவர் கைக்குப் போன நாள் வரை கணக்குப் பார்த்தால் 95 நாள் ஆயிற்று.

செலவுக் கணக்குதான் இதைவிட ஆச்சரியம். மொத்தச் செலவு 100 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைக் கடப்பதற்கு ஆன செலவு பதினொன்றரை டாலர்தான். இரண்டு கரையிலும் ஏற்றி இறக்குவதற்கு ஆன செலவு சுமார் 37 டாலர்!

அதாவது, கடலைக் கடப்பது சுலபம். கரையைக் கடப்பதுதான் கஷ்டம்.

லாரிக்காரர்

இந்தக் கஷ்டத்துக்கு வழி கண்டவர் கப்பல்காரர் அல்ல. ஒரு லாரிக்காரர். அவர் பெயர் மால்கம் மெக்லீன். வடக்கு கரோலினா மாநிலத்தில் மேக்ஸ்டன் என்ற சின்ன ஊரில் 1913-ம் ஆண்டு பிறந்தவர். பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தார். பிறகு ஒரு பழைய லாரியை வாங்கி ஓட்டினார்.

1937-ம் ஆண்டில் பஞ்சுப் பொதிகளை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாராம். பகலெல்லாம் காத்துக் கிடந்தாராம். தொழிலாளிகள் ஒவ்வொரு பொதியாக இறக்கிக் கப்பலில் ஏற்றுவதைப் பார்த்து, "லாரியையே தூக்கிக் கப்பலில் வைத்துவிட்டால் என்ன?" என்று நினைத்தாராம். இது அவரே பிற்காலத்தில் சொன்ன கதை. அப்படி நடந்திருக்குமா என்று சந்தேகப்படுகிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. கதை கொஞ்சம் ஜோடனையாக இருந்தாலும் இருக்கலாம். ஆனால், வரிசையில் நின்று காத்துக் கிடந்த எந்த டிரைவருக்கும் அந்த எண்ணம் வராமல் இருந்திருக்காது!

நாளடைவில் அந்த ஒரு லாரி 1,700-க்கு மேற்பட்ட லாரிகளாகப் பெருகியது. 1955-ம் ஆண்டில் அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். லாரி கம்பெனியும் கப்பல் கம்பெனியும் ஒருவரிடமே இருப்பதற்கு அன்றைய அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த லாரி கம்பெனியைக் கைவிட்டார். கடன் வாங்கிக் கப்பல் கம்பெனியை வாங்கினார்.

பெட்டியில் சரக்கு வைத்து அனுப்புவது அவர் கண்டுபிடித்த விஷயம் அல்ல. அவருக்கு முன்பே ரெயில் கம்பெனிகளும் கப்பல் கம்பெனிகளும் செய்து பார்த்தவைதான். மெக்லீன் செய்தது வேறு. பெட்டி, லாரி, கிரேன், கப்பல், துறைமுகம் எல்லாமே ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்த்து யோசித்தார். தன் தொழில் கப்பல் ஓட்டுவது அல்ல, சரக்கைக் கொண்டுசேர்ப்பது என்று நினைத்தார். அங்கேதான் அவருடைய மூளை இருந்தது.

"ஐடியல் எக்ஸ்" திரும்பி வந்ததும் கணக்குப் பார்த்தார்கள். பழைய முறையில் ஒரு டன் சரக்கை ஏற்றுவதற்கு ஆன செலவு 5 டாலர் 83 சென்ட். புதிய முறையில் 16 சென்ட்கூட ஆகவில்லை!

36 ரூபாய் கூலி கொடுத்த இடத்தில் 1 ரூபாய் கொடுத்தால் போதும் என்று ஆனால் எப்படி இருக்கும்? அப்படித்தான். அந்த மீதி 35 ரூபாய் எங்கே இருந்து வந்தது? பெரும்பகுதி, வாசலில் அரைவட்டமாக நின்றவர்களின் கூலியில் இருந்துதான் வந்தது.

மூலையில் இருக்கும் ரகசியம்

அடுத்த தடவை சாலையில் கண்டெய்னர் லாரியைப் பார்த்தால் பெட்டியின் மூலையைக் கவனியுங்கள். எட்டு மூலைகளிலும் தடித்த இரும்புக் கட்டிகள் இருக்கும். அவற்றில் நீள்வட்டமாகத் துளைகள் இருக்கும்.

கண்டெய்னரின் உயிர்நாடி அதுதான். ஒரு இரும்பு முளையை அந்தத் துளைக்குள் விட்டு, பூட்டில் சாவியைத் திருப்புவது போலத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். கிரேனும் அதைப் பிடித்துத்தான் தூக்குகிறது. லாரியும் அதைப் பிடித்துத்தான் சுமக்கிறது. பெட்டிமேல் பெட்டி அடுக்கும்போதும் அதுதான் இணைக்கிறது. கீத் டேன்ட்லிங்கர் என்ற என்ஜினீயர் மெக்லீனுக்காக இந்த ஏற்பாட்டை உருவாக்கினார்.

ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவில் பெட்டி செய்தால் என்ன ஆகும்? ஒருவர் பெட்டி இன்னொருவர் கிரேனில் மாட்டாது. ஆகவே, உலகம் முழுவதற்கும் ஒரே அளவு வேண்டும் என்று பேச்சு நடந்தது. வருடக்கணக்கில் நடந்தது! கடைசியில், 1963-ம் ஆண்டில், மூலைப் பூட்டுக்கான தன் உரிமையை மெக்லீன் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். டேன்ட்லிங்கர்தான் அவரை வற்புறுத்திச் சம்மதிக்க வைத்தவர். 20 அடி நீளம், 40 அடி நீளம் என்ற அளவுகள் நிலைத்தன. இன்று சென்னையில் பூட்டிய பெட்டியை ஹாம்பர்க்கில் இருக்கும் கிரேன் தூக்குகிறது என்றால் அதுதான் காரணம்.

அதன்பிறகு வேகம் பிடித்தது. வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கப் படைக்கு வேண்டிய சாமான்கள் துறைமுகங்களில் இறக்க முடியாமல் தேங்கிக் கிடந்தன. 1967-ம் ஆண்டு முதல் மெக்லீனின் பெட்டிக் கப்பல்கள் அங்கே போயின. திரும்பி வரும்போது காலிப் பெட்டிதானே? வழியில் ஜப்பானில் நின்று, அங்கே செய்த சாமான்களை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்கு வந்தன. யுத்தத்துக்குப் போன பெட்டி வியாபாரத்துக்கு வழி திறந்துவிட்டது.

இன்று உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். செல்போன், குழந்தையின் பொம்மை, டெலிவிஷன் இவற்றிலோ, இவற்றின் உள்ளே இருக்கும் பாகங்களிலோ, ஏதாவது ஒன்று கண்டெய்னரில் ஏறாமல் வந்திருக்காது. திருப்பூர் பனியன் தூத்துக்குடி வழியாக வெளிநாடு போவதும் இந்தப் பெட்டியில்தான்.

காலியான துறைமுகம்

இப்போது நியூயார்க்குக்குத் திரும்புவோம்.

கண்டெய்னரை அடுக்குவதற்குப் பெரிய மைதானம் வேண்டும். லாரி வந்து திரும்ப இடம் வேண்டும். நியூயார்க்கின் நடுப்பகுதியான மன்ஹாட்டனில் அவ்வளவு இடம் ஏது? ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூஜெர்சியில், சதுப்பு நிலத்தை மேடாக்கிப் புதிய துறைமுகம் கட்டினார்கள். கப்பல்கள் அங்கே போய்விட்டன.

மன்ஹாட்டனில் 1963-64-ம் ஆண்டில் துறைமுகத் தொழிலாளிகளுக்குக் கிடைத்த வேலை மொத்தம் 14 லட்சம் ஆள்-நாட்கள். 12 ஆண்டு கழித்து, 1975-76-ல், அது சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம். பத்துப் பேர் வேலை பார்த்த இடத்தில் ஒருவருக்குத்தான் வேலை!

அந்த வேலையை நம்பி இருந்த சாப்பாட்டுக் கடை, கிடங்கு, சிறு தொழிற்சாலைகளும் சேர்ந்து போயின.

லண்டனிலும் இதே கதை. இந்தியத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் வந்து இறங்கிய ஊர் அது. 1967-ம் ஆண்டில் ஒரு கப்பல்துறை மூடப்பட்டது. அடுத்த ஆண்டு இன்னொன்று. 1981-ம் ஆண்டோடு லண்டன் நகருக்குள் இருந்த பெரிய கப்பல்துறைகள் எல்லாம் மூடப்பட்டுவிட்டன. தகப்பன் கொக்கி பிடித்த இடத்தில் மகன் கொக்கி பிடிப்பது அங்கே வழக்கம். பல குடும்பங்களில் அந்த வழக்கம் ஒரே தலைமுறையில் அறுந்துபோனது.

தலைவர் கேட்ட விலை

இயந்திரம் வருகிறது. தடுக்க முடியாது. அப்படியானால் என்ன செய்வது?

அமெரிக்காவின் மேற்குக் கரையில் துறைமுகத் தொழிலாளர்களுக்கு ஹாரி பிரிட்ஜஸ் என்று ஒரு தலைவர் இருந்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். 1934-ம் ஆண்டு நடந்த பெரிய வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்தியவர். முதலாளிகளுக்கு அவர் பெயரைக் கேட்டாலே பிடிக்காது.

அப்படிப்பட்டவர் 1960-ம் ஆண்டில் முதலாளிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். "நீங்கள் இயந்திரம் கொண்டுவாருங்கள். நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அதனால் வரும் லாபத்தில் எங்கள் பங்கு எங்கே?" இதுதான் அதன் சாரம்.

முதலாளிகள் வருடத்துக்கு 50 லட்சம் டாலர் ஒரு நிதியில் போட வேண்டும். பதிவுபெற்ற நிரந்தரத் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக்கூடாது. வேலை குறைந்தாலும் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 25 ஆண்டு உழைத்து 65 வயதில் ஓய்வு பெறுகிறவருக்கு 7,920 டாலர் ரொக்கம். முன்கூட்டியே ஓய்வு பெறவும் வழி உண்டு.

கிழக்குக் கரையிலும் பல வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு இதுமாதிரி ஒரு ஏற்பாடு வந்தது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு 1,600 மணி நேரச் சம்பளம் நிச்சயம் என்று 1966-ம் ஆண்டு முதல் ஆனது.

எல்லாருக்கும் இது பிடித்துவிட்டதா? இல்லை. நிரந்தரத் தொழிலாளிக்குப் பங்கு கிடைத்தது. நிரந்தரம் ஆகாமல் வரிசையில் காத்திருந்த இளைஞனுக்குக் கிடைக்கவில்லை. "பிரிட்ஜஸ் எங்களை விற்றுவிட்டார்" என்று கோபப்பட்டவர்கள் உண்டு. 1971-ம் ஆண்டில் மேற்குக் கரைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தார்கள். இடையில் கோர்ட்டு உத்தரவால் கொஞ்ச நாள் வேலைக்குத் திரும்பியதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அது 134 நாள் நடந்தது.

எனக்குத் தெரிந்தவரை, ஒரு இயந்திரம் வருவதற்கு முன்பே, "இதற்கு விலை என்ன?" என்று உட்கார்ந்து பேரம் பேசி வாங்கிய தொழிலாளர்கள் உலகத்தில் அதிகம் இல்லை. குறை இருந்தாலும், பிரிட்ஜஸ் செய்தது சாமர்த்தியமான காரியம்தான்.

மெக்லீனின் கதையும் சுகமாக முடியவில்லை. 1970-களின் கடைசியில் மறுபடியும் புதிய கம்பெனி வாங்கினார். மிகப்பெரிய கப்பல்களைக் கட்டினார். அவர் போட்ட கணக்கு தவறிவிட்டது. 1986-ம் ஆண்டில் 100 கோடி டாலருக்கு மேல் கடனோடு அவருடைய கம்பெனி திவால் ஆனது. 2001-ம் ஆண்டு மே மாதம் அவர் காலமானார். அடக்கம் நடந்த நாளில் பல நாட்டுத் துறைமுகங்களில் நின்ற கண்டெய்னர் கப்பல்கள் சங்கு ஊதி மரியாதை செய்தன.

நம் கரையில்

இந்தியாவுக்கு முதல் கண்டெய்னர் கப்பல் 1973-ம் ஆண்டில் கொச்சிக்கு வந்தது. சென்னையில் கண்டெய்னருக்கென்றே தனியாக அமைத்த துறையைப் பிரதமர் இந்திரா காந்தி 1983-ம் ஆண்டு டிசம்பரில் திறந்துவைத்தார்.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போயிருக்கிறவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. துறைமுகத்துக்குள் போகக் காத்துக்கொண்டு கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். டிரைவர் லாரிக்கு அடியில் துணி விரித்துப் படுத்திருப்பார். பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு வேகும். காத்துக் கிடந்த ஒரு லாரிக்காரருக்கு வந்த எண்ணத்தால் பிறந்தது என்கிறார்கள் இந்தப் பெட்டியை. அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு லாரிக்காரர் இன்னமும் காத்துக் கிடக்கிறார். என்ன வேடிக்கை!

மூடிய பெட்டி

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். பழைய தொழிலாளிக்குத் தான் தூக்குவது என்ன என்று தெரியும். காப்பிக் கொட்டை மணக்கும். தோல் நாறும். மிளகாய் மூட்டை தும்மல் வரவழைக்கும்.

இன்று கிரேன் ஓட்டுகிறவருக்குப் பெட்டியின் நம்பர் மட்டும்தான் தெரியும். கப்பலின் மாலுமிக்கும் காகிதத்தில் எழுதியிருப்பதுதான் தெரியும். பெட்டி பூட்டியிருக்கிறது. அதனால் திருட்டு குறைந்தது. ஆனால் பூட்டிய பெட்டிக்கு இன்னொரு பக்கமும் உண்டு.

2025-ம் ஆண்டு மே 25-ந்தேதி, "எம்.எஸ்.சி. எல்சா 3" என்ற கப்பல் கேரளக் கடலில் மூழ்கியது. விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் போன கப்பல். அதில் இருந்த 24 பேரும் உயிர் தப்பினார்கள். 640 கண்டெய்னர்கள் தப்பவில்லை.

அவற்றில் 13 பெட்டிகளில் ஆபத்தான சரக்கு இருந்தது என்று அறிவித்தார்கள். 12 பெட்டிகளில் கால்சியம் கார்பைடு. மாம்பழத்தைச் செயற்கையாகப் பழுக்க வைக்கிறார்களே, அந்தக் கார்பைடு கல்தான். தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கக்கூடிய வாயு கிளம்பும். கடலில் விழுந்தால்?

பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கேரளக் கரையில் ஒதுங்கின. "தொடாதீர்கள், பக்கத்தில் போகாதீர்கள்" என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். கப்பல் மூழ்கிய இடத்தைச் சுற்றி மீன் பிடிக்கப் போகக்கூடாது என்று தடை போட்டார்கள். உடைந்த பெட்டிகளில் இருந்து, ஜவ்வரிசி போன்ற பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டி, அலையோடு வந்தன. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில்கூட அவற்றைக் கூட்டி அள்ளினார்கள். அந்தப் பெட்டியில் போன சரக்கு மீனவருக்குச் சொந்தம் அல்ல. அதில் வந்த லாபமும் அவருக்கு இல்லை. வலையைக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர் மட்டும் அவர்தான்.

இலங்கைக்கும் இந்த அனுபவம் உண்டு. 2021-ம் ஆண்டில் கொழும்புக்கு அருகே "எக்ஸ்பிரஸ் பேர்ல்" என்ற கண்டெய்னர் கப்பல் தீப்பிடித்து மூழ்கியது. அங்கேயும் இதே பிளாஸ்டிக் மணிகள் கரையை மூடின.

ஆள் இல்லாத கிரேன்

விழிஞ்ஞம், கன்னியாகுமரி மாவட்டத்தை அடுத்துள்ள கேரளத் துறைமுகம். மிகப்பெரிய கண்டெய்னர் கப்பல்கள் வந்து நிற்பதற்கு ஆழமான கடல் வேண்டும். முன்பெல்லாம் நம் நாட்டுப் பெட்டிகளில் ஏராளமானவை சிறு கப்பலில் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறின. அந்த வேலையை இங்கேயே செய்வதற்காகக் கட்டியது விழிஞ்ஞம். முதல் சரக்குக் கப்பல் 2024-ம் ஆண்டு ஜூலையில் வந்தது. 2025-ம் ஆண்டு மே 2-ந்தேதி பிரதமர் நரேந்திர மோடி துறைமுகத்தைத் திறந்துவைத்தார். அடுத்த மாதமே "எம்.எஸ்.சி. ஐரினா" என்ற ராட்சதக் கப்பல் வந்து நின்றது. நீளம் கிட்டத்தட்ட 400 மீட்டர். 20 அடிப் பெட்டிகளாகக் கணக்கிட்டால் 24 ஆயிரத்துக்கு மேல் பிடிக்கும்!

"ஐடியல் எக்ஸ்" கப்பலின் 58 பெட்டிகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

துறைமுகம் கட்டியபோது கடல் அரித்துத் தங்கள் வீடுகள் போய்விட்டன என்று மீனவர்கள் 2022-ம் ஆண்டில் மாதக்கணக்கில் போராடினார்கள். அதுவும் அந்தத் துறைமுகத்தின் சரித்திரத்தில் சேர்ந்ததுதான்.

அங்கே பெட்டிகளை அடுக்கும் கிரேன்களின் மேல் ஆள் உட்கார்ந்திருக்கவில்லை. தூரத்தில் ஓர் அறையில் குளிர்சாதன வசதி. மேஜை மேல் திரைகள். திரையைப் பார்த்துக்கொண்டே கைப்பிடியை அசைத்தால் வெளியே பல டன் எடையுள்ள பெட்டி அசைகிறது. இந்த வேலைக்குப் பயிற்சி பெற்று உட்கார்ந்திருப்பவர்களில் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள். துறைமுக வேலை என்றால் ஆண்பிள்ளையின் முதுகு என்று இருந்த காலம் போய்விட்டது. இது நல்ல மாறுதல். ஆனால் அந்த அறையில் எத்தனை நாற்காலி இருக்கிறது என்றும் எண்ணத்தான் தோன்றுகிறது.

ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் துறைமுகத்தில் 1993-ம் ஆண்டு முதலே டிரைவர் இல்லாத வண்டிகள் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன. சீனாவிலும் இப்படிப்பட்ட துறைமுகங்கள் பெருகிவிட்டன.

அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு இது தெரியாதா? 2024-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி கிழக்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் சுமார் 45 ஆயிரம் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சம்பளம் ஒரு கோரிக்கை. தானியங்கி இயந்திரம் கூடாது என்பது இன்னொரு கோரிக்கை. பெட்டிகளை ஏற்றி அனுப்பிய நெவார்க்கிலும், பெட்டிகள் போய் இறங்கிய ஹூஸ்டனிலும் கிரேன்கள் நின்றன. மூன்றாவது நாள் சம்பள விஷயத்தில் உடன்பாடு ஆயிற்று. 6 ஆண்டுகளில் 62 சதவீத உயர்வு.

இயந்திர விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அதைப் பேசி முடிப்பதற்கு 2025 ஜனவரி ஆகிவிட்டது. ஆளே இல்லாமல் இயங்கும் முழுத் தானியங்கி இயந்திரத்துக்கு அந்தத் துறைமுகங்களில் இடம் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த ஒப்பந்தம் 2030-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந்தேதி வரை செல்லும்.